தளிகை நேரத்தில் கட்டாகும் ரௌட்டர்

1. மறுபடியும் புகார்

“சார், இன்னிக்கும் போயிடுத்து. இன்னொரு வாட்டி மீட்டிங் நடுவுல நான் காணாமப் போனா, மூட்டையைக் கட்டிண்டு பெங்களூருக்கே வந்துடுன்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

போனில் பேசியது மைதிலி. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிற பெண். கணவருக்குத் திருச்சியில் வேலை. அவள் பெங்களூருக்குப் போனால் புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர். இரண்டு பேருக்கும் நடுவில் வில்லனாக நின்றது எங்கள் கம்பெனி கொடுத்த ரௌட்டர்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன பிராட்பேண்ட் கம்பெனியில் சீனியர் டெக்னீஷியன். கேபிள் டிவி காலத்தில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவியவன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆகவே மற்றவர்கள் கைகழுவிய புகார்களை மட்டும் என் தலையில் கட்டுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை, பயந்து ஓடிவிடுவீர்கள்.

விஷயம் இதுதான். கம்பெனி எல்லா ரௌட்டருக்கும் புது ஃபர்ம்வேர் அனுப்பியது. ஃபர்ம்வேர் என்றால் ரௌட்டருக்குள் இருக்கும் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து மைதிலி வீட்டில் காலை மீட்டிங் நேரம் பார்த்து வைஃபை படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துகொள்ளும். மற்ற நேரமெல்லாம் பரம சமர்த்து.

எங்கள் ஆபீஸ் இன்சார்ஜ் பிரகாஷ், வயதில் சின்னவர், தீர்ப்பை உடனே சொல்லிவிட்டார்.

“மூர்த்தி அண்ணே, ஃபர்ம்வேர்லதான் கோளாறு. ஆனா பழசுக்குத் திருப்ப முடியாது, மேல பூட்டிட்டாங்க. நீங்க போயி எதாச்சும் பண்ணுங்க.”

“எதாச்சும்னா?”

“எதாச்சும்ண்ணே.”

எங்கள் துறையில் டெக்னிக்கல் சப்போர்ட் என்பது இதுதான்.

2. நான் போனால் நன்றாக ஓடும்

ஸ்ரீரங்கத்து வீடுகளில் எங்களுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. குளித்துவிட்டு யாரையும் எதையும் தொடாமல் மடியாகச் சமைத்து, அந்தத் தளிகையைப் பெருமாளுக்குப் படைத்து முடிக்கும் வரை டெக்னீஷியன் பூஜை அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மைதிலி வீட்டில் ஃபைபர் வயர் நுழைய ஜன்னலும், காலியாக இருந்த ஒரே ப்ளக் பாயிண்டும் பூஜை அறையில்தான் இருந்தன. அதனால் ரௌட்டருக்கும் அங்கேயே வாசம், பெருமாளுக்கு நேர் எதிர் அலமாரியில்.

முதல் புகார் வந்தபோது தளிகை முடிந்த பிறகு போனேன். நெட் சிட்டாகப் பறந்தது. சும்மா வந்ததாக இருக்கக் கூடாதே என்று வைஃபை சேனலை மாற்றிவிட்டு வந்தேன். மறுநாளும் புகார். ரீசெட் அடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன். புகார். ரௌட்டரையே கழற்றி வேறொன்று வைத்தேன். பழையது புதியதிடம் ரகசியம் சொல்லிவிட்டுப் போனது போல, அதுவும் அதே நேரத்தில் படுத்துக்கொண்டது.

மைதிலியின் மாமியார் வசந்தா மாமியிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பேன்.

“மாமி, ரௌட்டரை யாராவது தொட்டீங்களா?”

“நன்னாக் கேட்டேள் போங்கோ! மடியா இருக்கறச்சே அந்த பிளாஸ்டிக்கை நான் தொடுவேனா?”

பொய் சொல்லத் தெரியாத முகம். நானும் நம்பினேன்.

“அவளை அனுப்பற மாதிரி பண்ணிடாதீங்கோ மூர்த்தி,” என்றார் மாமி. “அவ இல்லேன்னா இந்த ஆத்துல என்னோட பேசறதுக்கு யார் இருக்கா? என் பிள்ளை வாயைத் திறந்தா கொட்டாவி மட்டுந்தான் வரும். நெட்டு நன்னா வரணும்னு பெருமாளுக்கு தினம் அக்காரவடிசல் பண்ண ஆரம்பிச்சிருக்கேன்.”

அக்காரவடிசல் ஒரு கிண்ணம் எனக்கும் வந்தது. அரிசி, பால், வெல்லம் எல்லாம் நெய்யில் மிதந்தன. இந்த ரௌட்டர் சரியாகாமலே இருந்தால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, மறைப்பானேன்.

வேடிக்கை என்னவென்றால், மாமி அக்காரவடிசல் ஆரம்பித்ததிலிருந்து வைஃபை கட்டாகிக் கிடக்கும் நேரம் இன்னும் நீண்டது.

3. மணி அடித்தது

ஆரம்பத்தில் சொன்ன அந்த மேனேஜர் மிரட்டல் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். அன்றே மைதிலியிடம் சொன்னேன்: “கட் ஆகிற நேரத்துக்கே வரேம்மா. பூஜை ரூம் பக்கம் வரமாட்டேன். கூடத்துல ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன்.” மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மொபைலில் சிக்னல் பார்க்கிற ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். மாடியில் மைதிலி இங்கிலீஷில் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து நெய் வாசனை. சிக்னல் முழுசாக நாலு கோடு.

பூஜை அறையில் ‘டங்’ என்று ஒரு பாத்திரச் சத்தம். அடுத்து மணி அடித்தது. நாலு கோடு ஒரு கோடானது. மாடியிலிருந்து மைதிலியின் குரல் பதறியது: “ஹலோ? ஹலோ, கேக்கறதா?” பதற்றத்தில் தமிழே வந்துவிட்டது.

விதியாவது ஒன்றாவது என்று எழுந்து போய், பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு, தளிகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். எதிர் அலமாரியில் ரௌட்டரைக் காணோம். அது இருந்த இடத்தில் பெரிய பித்தளை அடுக்குப் பாத்திரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு வயர்கள் எலி வால் போல நீட்டிக்கொண்டிருந்தன.

“மாமி, அந்த அடுக்கை எடுங்க! மைதிலி வேலை போகுது!”

மாமி அலறியடித்து அடுக்கைத் தூக்கினார். நாலு கோடும் திரும்பின. மாடியில் இங்கிலீஷும் திரும்பியது.

“ஏன் மாமி இப்படிப் பண்ணீங்க?”

“நான் என்ன பண்ணினேன்? முன்னாடியெல்லாம் அது ஒரே ஒரு பச்சைப் பொட்டு வச்சுண்டு சாதுவா இருந்தது. அந்த அப்டேட்டோ கிப்டேட்டோ வந்ததுக்கப்புறம் வரிசையா நீலக் கண்ணு. மினுக்கு மினுக்குன்னு பெருமாளையே முறைக்கறது. அவர் அமுது செய்யறச்சே, சாப்பிடறதைப் பார்க்கப்படாதுன்னு நாமளே திரும்பி நின்னுக்கறோம், இது மட்டும் பார்க்கலாமோ? துணி போட்டேன், துணிக்குள்ளேயும் மினுக்கறது. அதான் அடுக்கைக் கவுத்தேன். அது மேல என் விரல் கூடப் படலை.”

படவில்லைதான். ஆனால் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் வைஃபை வெளியே வராது. அக்காரவடிசலும் சேர்ந்ததில் ஆராதனை நீளம், அடுக்கு கவிழ்ந்து கிடக்கும் நேரமும் நீளம். மருமகள் போகக் கூடாதென்று மாமி செய்த பிரார்த்தனையே அவளுக்குப் பெங்களூர் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தது. நானோ, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற கதையாக ஃபர்ம்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இதை மாமிக்குச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “நானேவா அவளுக்கு இடைஞ்சல் பண்ணிண்டிருந்தேன்?” என்று கண் கலங்கினார். எனக்கும் சிரிப்பு ஓடிவிட்டது. பாவமாக இருந்தது.

மொபைலிலேயே ரௌட்டர் செட்டிங்ஸுக்குள் போய் விளக்குகளை அணைத்தேன். நீலக் கண்கள் மூடின. அதற்குள் மீட்டிங் முடிந்து மைதிலி இறங்கி வந்தாள்.

“நடுவுல கொஞ்சம் கட்டாச்சு. ஆனா உடனே வந்துடுத்து, மேனேஜர் ஒண்ணும் சொல்லலை. என்ன சார் பிரச்சினை?”

மாமி என்னைப் பார்த்தார்.

“ஃபர்ம்வேர்ல லைட் பிரச்சினைம்மா. அணைச்சுட்டேன். இனிமே கட் ஆகாது.”

“லைட்டுக்கும் சிக்னலுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“இருக்கும்மா.”

மைதிலி அலமாரியைப் பார்த்தாள், கீழே இருந்த அடுக்கைப் பார்த்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

4. பாடம்

அதன் பிறகு மீட்டிங்கில் அவள் காணாமல் போகவில்லை. பெங்களூர்ப் பேச்சும் அடங்கிவிட்டது. பிள்ளைகளே, அப்டேட்டுக்குப் பிறகு புகார் வந்தால் ரௌட்டருக்குள் என்ன மாறியது என்று மட்டும் குடைந்துகொண்டிருக்காதீர்கள். அதனால் வீட்டில் யார் என்ன மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். ‘தொட்டீங்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வீட்டிலிருந்து புகார். வைஃபை இல்லையாம். போன் செய்தேன், மாமி எடுத்தார்.

“லைட்டைத்தான் அணைச்சாச்சே மாமி, மறுபடி எதுக்கு அடுக்கு?”

“ஞாயித்துக்கிழமை கூட மீட்டிங்குன்னு உட்கார வச்சா என்ன நியாயம் மூர்த்தி? காலம்பறலேர்ந்து அவளுக்குத் தலைவலி. பெருமாள் இன்னிக்கு நிதானமா அமுது செய்யறார்.”

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். மைதிலி போனை வாங்கினாள்.

“சார், நீங்க வர வேண்டாம். ஒரு கம்ப்ளெயிண்ட் நம்பர் மட்டும் போட்டுக் குடுங்கோ, மேனேஜருக்கு அனுப்பணும்.”

போட்டுக் கொடுத்தேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் ‘ஃபர்ம்வேர்’ என்று போட்டேன். சாயங்காலம் ஆபீசுக்கு ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசல் வந்தது. பிரகாஷுக்குக் கொடுக்கவில்லை.