மலை ஏறாத வருஷங்கள்

கடலூரில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு மலை என்றால் பாடப்புத்தகத்தில் இருக்கும் படம்தான். எங்கள் பக்கம் தரை தட்டையாகக் கிடக்கும். கடல், உப்பங்கழி, வயல், மறுபடியும் வயல். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துக் கடலூர் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆல்ப்ஸ் மலையைக் கரும்பலகையில் வரைந்து, உச்சியில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, "இதுதான் பனி" என்பேன். "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருக்காது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பாடத்த கவனி" என்று அதட்டிவிட்டு அடுத்த கண்டத்துக்குப் போய்விடுவேன்.

2004ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் மேலே இரண்டு கோட்டு போட்டிருக்கிறான். கதாநாயகி பாவம், மெல்லிசுச் சேலையோடு பனியில் ஓடிக்கொண்டிருக்கிறாள். "அது சுவிட்சர்லாந்துங்க" என்றேன். "ரெண்டு பேரு போய்ட்டு வர எவ்ளோ ஆவும்?"

என் வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவர் எழுந்து போய் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தார், பின்பக்கத்தைத் திருப்பினார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மொதல்ல பிளேன் டிக்கெட்டு" என்று எழுதினார். அதனால்தான் அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்ட முடிந்தது.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. சொந்தக்காரர்கள் எங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "யாருக்குச் சேத்து வெக்கிறீங்க?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது. பட்ஜெட் போட ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி வந்தால் மனசுக்குள் ஒரு பதில் இருந்தது. பனிக்குச் சேர்த்து வைக்கிறேன்.

பட்ஜெட் என்றால் லேசில் முடிகிற காரியமா? அந்த ஊரில் ஒரு டீ குடிக்கிற காசுக்கு இங்கே குடும்பமே சாப்பிடலாம் என்று போய்வந்த ஒரு பேராசிரியர் சொன்னார். அதனால் சின்ன கரண்ட் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாமாம், அது லாபம். ஒன்றுக்குப் போகக் காசு கேட்பார்களாம், அது நஷ்டம். குளிர் ஊரில் அடிக்கடி வருமே என்று அதற்கும் என் வீட்டுக்காரர் தனியாக ஒரு தொகை ஒதுக்கினார். அந்த நாட்டுப் பணத்துக்கு ஃபிராங்க் என்று பெயர். ஆபீஸுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் அதன் விலையைப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றும்போதே "இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். எனக்கு முகம் விழுந்துவிடும்.

இதையெல்லாம் என் மாமியார் கேட்டுக்கொண்டே இருப்பார். மாமனார் காலமானதிலிருந்து எங்களோடுதான் இருந்தார். கட்டை குட்டையான உடம்பு, வெங்கலக் குரல். எனக்கும் அவருக்கும் நாளைக்கு ஒரு சண்டையாவது உண்டு. புளி கரைப்பதிலிருந்து துணி காயப்போடுவது வரைக்கும் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் பட்ஜெட் என்று உட்கார்ந்தால் மட்டும் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு வைத்தது அவர்தான். "சாக்லேட்டு யார் யாருக்குன்னு எழுதுடா. ஒருத்தர உட்டாலும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவாங்க" என்று மகனிடம் சொன்னதும் அவர்தான். அவர் சொல்லச் சொல்லச் சாக்லேட் செலவு ஓட்டல் செலவைத் தாண்டிவிடும் போலிருந்தது.

ஒருநாள் கேட்டார். "ஏம்மா, அங்க பாக்க இன்னாதான் இருக்கு?"

நான் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தேன். டீச்சர் புத்தி எங்கே போகும்? "அந்த நாடே மலைதான் அத்த. எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை. மலையிலதான் வீடு, மலையிலதான் ரயிலு" என்று பெருமையாக அளந்தேன். என் வாய்தான் எனக்கு எமன் என்று அப்போது தெரியாது.

சீட்டுப் பணம் கைக்கு வந்து, 2007இல் கோடை விடுமுறைக்குப் போகலாம் என்று டிராவல்ஸ்காரரிடம் பேசி வைத்திருந்தோம். மாசி மாதம் என் வீட்டுக்காரரின் பெரியப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் தவறிவிட்டார். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிறேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "பங்காளி சாவு. வருசம் திரும்புற வரைக்கும் மலை ஏறக் கூடாது."

"அது கோயில் மலைக்கு அத்த. திருப்பதி, பழனி மாதிரி."

"மலைன்னா மலைதான்."

"அங்க சாமியா இருக்கு? பனிதான் இருக்கு."

"மலை மேல சாமி இல்லாம இருக்குமா? வெள்ளக்காரன் ஊருன்னா எறங்கிப் போயிடுமா? நீதான சொன்ன, நாடே மலைன்னு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பாயைப் பார்த்தார். அம்மா பேச்சைத் தாண்டும் ஆள் இல்லை அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, ஒரு வருஷம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த வருஷம் முடியப்போகும் நேரத்தில் ஒரு சித்தப்பா போய்ச் சேர்ந்தார். அது முடிவதற்குள் இன்னொருவர். என் வீட்டுக்காரரின் தாத்தாவுக்கு ஆண் பிள்ளைகள் அதிகம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயசு. ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா பையனுக்கு எத்தனை ஏக்கர் என்று விசாரித்தார். பங்காளிகள் எத்தனை பேர் என்று விசாரித்திருக்கலாம்.

கடைசியில் நானே ஒரு வேலை செய்தேன். மீதி இருந்த இரண்டு பெரியவர்களில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால், ஆப்பிளும் சாத்துக்குடியும் சத்துமாவும் வாங்கிக்கொண்டு ஓடுவேன். "மாத்திர ஒழுங்கா சாப்புடறீங்களா மாமா?" என்று கேட்பேன். ஊரில் எனக்கு நல்ல பேர். "புருசன் வீட்டு ஜனங்க மேல இன்னா பாசம் பாரு" என்றார்கள். என் வீட்டுக்காரர் பட்ஜெட்டில் "பங்காளி பராமரிப்பு" என்று ஒரு வரி சேர்த்தார். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமியார்தான் அதிகமாகச் சிரித்தார்.

ஒரு மழைக்காலம் முடிந்து கடலூரில் ரோட்டோரம் திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நின்று பேரம் பேசி, அரக்குக் கலரில் ஒன்று வாங்கினேன். எப்போது போகப்போகிறோம் என்றே தெரியாது, ஆனாலும் கை கேட்கவில்லை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்தேன். மார்கழியில் ஒருநாள் காலை வாசலுக்கு வந்தால், மாமியார் அதைப் போட்டுக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது. சிதம்பரத்து மார்கழிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்.

"சும்மா, எப்படி இருக்குன்னு பாக்கத்தான் போட்டேன்" என்றார். "நீ ஊருக்குப் போய்ட்டு வந்து எனக்குக் குடுத்துடு. அதுக்கப்புறம் ஒனக்கு எதுக்கு?"

"மொதல்ல போவ உடுங்க."

"நானா புடிச்சி வெச்சிருக்கேன்?"

2011 கடைசியில் அடித்த புயலில் பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் உட்கார்ந்தது. சேர்த்ததில் கொஞ்சம் அதற்குப் போனது. ஃபிராங்க் விலையோ ஏறி ஏறி, முதல் பத்திரிகையில் போட்ட கணக்கைப் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு நல்லது நடந்திருந்தது. கடைசியாகப் பங்காளி சாவு விழுந்து வருஷம் திரும்பியிருந்தது. "இந்தக் கோடைய உட்டா அவ்ளோதான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்தார். சென்னைக்குப் போய் விசாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளை நான் பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், அடுப்படியில் என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பங்குனியில் மாமியார் படுத்தார். முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு நுரையீரலில் நீர் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூடத்தில் கட்டில் போட்டோம். நான் லீவு போட்டேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டிக்கெட்டு என்னிக்கு?"

"வர்ற மாசம் அத்த."

"முன்னாடி போட முடியாதா?"

"எதுக்கு?"

"நான் போய்ட்டேன்னா மறுபடி ஒரு வருசம் நீ மலை ஏற முடியாது. அதுக்குள்ள ஓடிடு. நீ வர்ற வரைக்கும் நான் தாங்குவேன். பெரியவன் பொண்டாட்டிய வரச் சொல்லு, அவ பாத்துக்குவா."

இத்தனை வருஷம் எந்த வாய் என்னைப் போகாதே என்று தடுத்ததோ, அந்த வாய்தான் கஞ்சிப் பருக்கையோடு ஓடு ஓடு என்றது. அடுப்படிக்குப் போய் அழுதேன். போக வேண்டும் என்றும் இருந்தது. பொய் சொல்வானேன், அந்த நிமிஷத்திலும் இருந்தது. கண்ணை மூடினால் வெள்ளை மலை தெரிந்தது. ஆனால் இவரை இப்படிப் போட்டுவிட்டு அங்கே போய் எந்தப் பனியைத் தொட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்ததும், டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னேன். பாதிப் பணம்கூடத் திரும்பாது என்றார். போகட்டும் என்றேன். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு போன் செய்யப் போனார்.

மாமியாரிடம், "விசா கெடைக்கல அத்த, இல்லன்னுட்டாங்க" என்று சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே அந்த நாட்டை ஒரு பிடி பிடித்தார். "என் மருமவளுக்கு இல்லன்னுட்டானா? அவன் மலை அவன் தலையிலயே உழ." வீட்டுக்கு யார் வந்தாலும் இதே புலம்பல்தான். மூச்சு வாங்கிக்கொண்டு திட்டுவார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் விமானம் ஏறியிருக்க வேண்டிய வாரத்தில் அவர் போனார். பெங்களூரிலிருந்து பேரன் வரவேண்டும் என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் வைத்து மூடியை மூடி, கரண்ட்டைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. முகம் தெரியவில்லை. துணியால் துடைத்தேன். கண்ணாடியின் சில்லிப்பு என் விரல் வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. நேராக எழுந்து பீரோவுக்குப் போனேன்.

அரக்கு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறக்கச் சொன்னேன். கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, "செத்த ஒடம்புக்கு ஸ்வெட்டர் எதுக்குடி?" என்றாள்.

"அவுங்களுக்குக் குளிரு ஆவாது" என்றேன். யாரும் தடுக்கவில்லை. கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தி, இரண்டு கையையும் அதற்குள் வைத்து மூடினேன்.

ஆவணியில் தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் திருவந்திபுரத்தில். கோயிலுக்கு எதிரே, உச்சியில் சன்னதியோடு ஒரு சின்ன மலை உண்டு. மலை என்று பேர்தானே தவிர, என் புவியியல் கணக்கில் அது மேடு. முன்பெல்லாம் சாவு வருஷத்தில் அங்கே கல்யாணத்துக்கு வந்தால் மாமியார் எங்களை ஒரு படி ஏறவிட மாட்டார். மேலே போனவர்கள் இறங்கும் வரைக்கும் கீழே உட்கார வைத்து, கல்யாண வீட்டில் வாங்கிவந்த புளியோதரையைத் தின்னச் சொல்லுவார். நான் முணுமுணுத்துக்கொண்டே தின்பேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரின் அண்ணனும் வந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் மலைப்பக்கம் கிளம்பினார்கள்.

"வாம்மா, ஏறிட்டு வந்துடலாம். பத்து நிமிசம்" என்றார். "அம்மா எங்கேர்ந்து பாக்கப் போறாங்க? நானே சொல்லணும்னு இருந்தேன். விசா இன்னும் முடியல இல்ல? மிச்சப் பணத்த வெச்சி ரெண்டு பேரும் அந்த ஊருக்கும் போய்ட்டு வந்துடுங்க. இந்தக் கணக்கெல்லாம் பாத்தாலும் கோயில் மலைக்குத்தான். அங்க இன்னா சாமியா இருக்கு, பனிதான இருக்கு?"

நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வார்த்தைகள். அவருக்கு எப்படித் தெரிந்ததோ. நான் மேலே பார்த்தேன். படிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"மலைன்னா மலைதான் மாமா" என்று சொல்லிவிட்டு, கீழ்ப்படிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு இலையில் புளியோதரை வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.