தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பனிமலை

நான் குடியிருக்கும் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் வேலைத்தலத்தில் நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கட்டடங்களின் சின்ன மாதிரிகளை அடியில் ஒட்டிவிட்டு, மேலேயிருந்து மெல்லிய மணலைத் தூவுவோம். காற்றில் பனி அள்ளுண்டு போய் எப்படிப் படியுமோ, ஓடும் தண்ணீரில் மணலும் ஏறக்குறைய அப்படியே படியும். கட்டுவதற்கு முன்பே பனி எங்கே குவியும் என்று பார்த்துவிடலாம்.

சில வருடங்களுக்கு முன், மேற்கே ஒரு மலையில் மூன்று மரக்குடில்கள் கட்டவிருந்த ஒரு பெண்ணின் வேலை எங்களிடம் வந்தது. காற்றுக்கு மறைவாக, பெரிய பாறை ஒன்றின் பின்னால் அவர் இடம் பார்த்திருந்தார். எனக்கும் அது நல்ல இடமாகத்தான் பட்டது. எங்கள் வேலைத்தலத்தில் மாதிரிகள் செய்யும் அண்ணை மலையையும் குடில்களையும் வெட்டித் தந்தார். தீப்பெட்டியளவுக் குடில்களுக்குக் கதவுகூட வைத்திருந்தார்.

மணலைத் தூவினேன். பாறையைத் தாண்டியதும் தண்ணீரின் வேகம் குறைந்தது. கொண்டுவந்த மணலையெல்லாம் அங்கேயே இறக்கியது. கொஞ்ச நேரத்தில் மூன்று கதவுகளும் காணாமல் போயின.

"பிள்ளை, உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் புகைக்கூட்டாலைதான் வெளியிலை வரவேணும்," என்றார் அண்ணை.

"கழட்டுங்கோ அண்ணை. மேலை, வெட்டையிலை வைச்சுப் பாப்பம்."

"காத்து நேரை அடிக்கிற இடத்திலையோ?"

"ஓம். கதவைப் பக்கவாட்டிலை திருப்புங்கோ."

அவர் குடில்களைச் சின்னத் தூண்களில் தூக்கி வைத்தார். மறுபடி தூவினேன். மணல் அடியாலும் பக்கங்களாலும் வழிந்தோடி, பின்னால் போய்க் குவிந்தது. மூன்று கதவுகளும் பளிச்சென்று தெரிந்தன! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் ஓடி வந்தார்கள்.

அந்தப் பெண் முதலில் தயங்கினார். பிறகு, கூரை பறக்காமல் குடில்களை நிலத்தடிப் பாறையோடு பிணைத்துக் கட்டுவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். கட்டி முடித்த பின் வந்த மாரியில், பனி கொட்டும் காலத்தில், எங்களையும் வரச் சொன்னார். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கணவரும் போனோம்.

மலையில் காற்று வாயைத் திறக்க விடவில்லை. கடைசி வளைவில் ஏறியதும் குடில்கள் தெரிந்தன. வாசல்களில் பனி இல்லை. பின்னால், நான் மணலில் பார்த்த அதே வளைவோடு, வீட்டளவு உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உள்ளே ஓடி, குடிலின் இன்டர்நெட்டில் அண்ணையை வீடியோவில் பிடித்தேன்.

"அண்ணை, பாருங்கோ! கதவு திறக்குது!"

"திருப்பும், திருப்பும், மற்றப் பக்கத்தையும் காட்டும்... உது என்ன மேடு?"

"விறகுக் கொட்டில். பிறகு கட்டினவையாம். கூரை மட்டத்துக்குப் பனி."

"நாங்கள் உந்தக் கொட்டிலைத் தொட்டியிலை வைச்சுப் பாக்கேல்லை என்ன?" அவர் குரலில் ஒரே உற்சாகம். "அளந்துகொண்டு வாரும் பிள்ளை. திங்கக்கிழமையே அதுக்கும் ஒரு மாதிரி வெட்டுறன்!"

வெளியே வந்து, அளவுநாடாவின் ஒரு நுனியைக் கணவரிடம் கொடுத்தேன். காற்று அதை வில்லாக வளைத்தது.

"இஞ்சாருங்கோ, இறுக்கிப் பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டே மற்ற நுனியோடு, கொட்டிலை மூடியிருந்த பனிமேட்டில் ஏறத் தொடங்கினேன்.