பத்தாவது கையெழுத்து

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்ன கூத்தடித்தாலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு நாய்க்குட்டிமேல்கூட அவள் வண்டி ஏறியதில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆம்பளைகள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு "ஐயோ அம்மா" என்று அலறும்போது, அவள் கடைத்தெருவை வேடிக்கை பார்த்தபடியே காலை அழுத்துவாள். அப்பேர்ப்பட்டவள் வீடு வாங்கும் விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டே போய் விழுந்தாள். அதைச் சொல்ல அவளுக்கே வெட்கம்.

ஊர்க் கோடியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பதினெட்டு வீடுகள். இரண்டு அறை, ஒரு கூடம், நின்றுகொண்டே எல்லாவற்றையும் எட்டி எடுக்கிற அளவுக்கு ஒரு சமையலறை. பில்டர் வாய் நிறையச் சிரிப்போடு சாவியைக் கையில் கொடுத்தான். அந்த இடம் முன்பு ஒரு குட்டையாகக் கிடந்தது, கண்ட மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. பிற்பாடு ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. வாங்கும்போது இவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொந்த வீடு என்ற சந்தோஷத்தில் யாருக்குத்தான் மண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றும்?

இரண்டாம் வருஷ மழைக்குப் படுக்கையறைச் சுவரில் ஒரு கோடு விழுந்தது. போன் போட்டதும் பில்டர் ஒரு மேஸ்திரியை அனுப்பினான். "புது வீடுன்னா கொஞ்சம் உக்காரும்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் விரிசலை அடைத்துப் பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அதே இடம். மறுபடி பட்டி, மறுபடி வெள்ளை. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை கூப்பிட்டபோது பில்டர் போனையே எடுக்கவில்லை. அதற்குள் விரிசலில் ஒரு விரல் போகும். கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடாது. சமையலறையில் கொட்டிய தண்ணீரெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். விரிசல் விட்ட படுக்கையறை பதினோரு வயது மகளுக்கென்று ஒதுக்கியது. இப்போது எந்த அறையையும் நம்ப முடியாமல் அவள் கூடத்தில் பெற்றவர்களுக்கு நடுவில் படுத்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் நிம்மதி, வீட்டுக்கு வந்தால் திகில் என்றாகிவிட்டது.

வீடு கட்டி விற்கிறவர்களைக் கண்காணிக்க என்றே ஓர் அரசாங்க அலுவலகம் உண்டு. அங்கே இருந்த அதிகாரி எரிந்து விழவில்லை, நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க ஒரு வீட்டுக்குன்னா ரிப்பேர் பண்ணிக் கொடுன்னு உத்தரவு போடலாம்மா. அவன் வந்து மறுபடி பட்டி பூசிட்டுப் போவான். மண்ணைத் தோண்டி அஸ்திவாரத்தைச் சோதிக்கணும்னா பாதிக்கு மேல வீட்டுக்காரங்க சேர்ந்து எழுதணும். பதினெட்டுல பத்து."

"பதினெட்டு பேரும் போடுவாங்க சார். எல்லா வீட்லயும் விரிசல் இருக்கு."

"போட்டா சரி. சாவி கொடுத்து அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள விசாரணை நடக்கணும், அதுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அன்னைக்கு அந்தப் பத்து பேரும் வீட்டுக்காரங்களா இருக்கணும். அதுவும் பில்டர்கிட்ட நேரா வாங்கினவங்க. கை மாறி வாங்கினவங்களுக்கு இந்தச் சட்டத்துல இடமில்ல."

வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினெட்டு பேரும் போடுவார்கள் என்று சொன்னவளுக்கு ஒரு கையெழுத்து வாங்குவதே கல்லில் நார் உரிக்கிற வேலையாகிவிட்டது. வங்கியில் வேலை பார்ப்பவர், "விரிசலா, எங்க வீட்லயா?" என்று கேட்டுக்கொண்டே காலண்டரை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி மாட்டினார். இன்னொருவர், நீங்கள்தான் சுவரில் ஆணி அடித்துக் கெடுத்திருப்பீர்கள் என்றார். டியூஷன் டீச்சர் மட்டும் மனதில் இருந்ததை வெளியில் சொன்னாள்: "இது வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டையெல்லாம் யாருக்கா வாங்குவா?" மற்றவர்கள் மூடி மறைத்ததும் அதைத்தான். பிரேக் அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தலையில் விழப்போகிற கூரைக்கு விலை பேசுகிறார்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

மூன்று வாரத்தில் தன்னுடையதையும் சேர்த்து ஒன்பது தேறியது. பத்தாவதாக ஏழாம் நம்பர் வீட்டு மருந்துக்கடைக்காரர் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, மருந்துச் சீட்டு மாதிரி கிறுக்காமல் முழுப் பெயரையும் எழுதினார்.  மறுநாளே மனுவைக் கொடுத்து, விசாரணைக்குத் தேதியும் வாங்கி வந்தாள்.

அவள் புருஷனுக்கு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. அதிகம் பேசாத மனுஷன். விரிசலின் மேல்பாதியில் அவனே பட்டி பூசி, கீழ்ப்பாதிக்கு முன்னால் பீரோவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஆள் வருது."

"வித்துட்டா நம்ம கையெழுத்து போயிடுமே. மத்த ஒன்பது பேரு?"

"அவங்க பாடு. சோதனை, தீர்ப்புன்னு அது எப்ப முடியறது? அதுவரைக்கும் சுவர் நிக்குமா? பொண்ணைப் பாரு."

"வாங்கறவங்க?"

"நம்மகிட்ட யாராவது சொன்னாங்களா?"

அவள் கூடத்தில் படுக்கைக்கு இடம் பண்ண ஓரங்கட்டிய நாற்காலிகளைப் பார்த்தாள். சரி என்றாள். ஒன்பது பேரையும் நட்டாற்றில் விட அவளும் சம்மதித்தாள், அதை மறைப்பதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம் இருக்கும். அறை அறையாகப் பார்த்துவிட்டுப் படுக்கையறையில் நின்றவள், "குழந்தைக்கு இந்த ரூம் சரியா இருக்கும், இல்லங்க?" என்று தன் புருஷனிடம் கேட்டாள். பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். முடியவில்லை.

"அந்த பீரோவுக்குப் பின்னாடி கையை விட்டுப் பாரும்மா" என்றாள்.

அந்தப் பெண் கையை விட்டாள். விரல்கள் சுவருக்குள் போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குட்டை, மனு, விசாரணை எல்லாவற்றையும் பிரேக் அக்கா சொல்லி முடித்தாள். போகும்போது அந்தப் பெண் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களை மறக்கவே மாட்டேன்கா" என்றாள்.

புருஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "நீ நல்லவளாயிட்ட. இப்ப நாம எங்க போறது?" என்று கேட்டான். அதன்பிறகு வாரக்கணக்கில் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தான். புரோக்கர் மூலமாக விஷயம் தெரு முழுக்கப் பரவியது. டியூஷன் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிரேக் அக்கா சொல்லாததையெல்லாம் சொன்னதாக்கித் தெருவே மென்றது. போகட்டும், விசாரணை முடியட்டும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு காலையில் கிளம்பும்போது, ஏழாம் நம்பர் வாசலில் லாரி நின்றது. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குக் கட்டில் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். வயிறு இன்னும் பெரிதாகியிருந்தது.

"அக்கா, உங்க தெருவுக்கே வந்துட்டோம் பாத்தீங்களா?"

"மருந்துக்கடைக்காரர் எங்க?"

"பத்திரம் முடிஞ்ச அன்னைக்கே மகன் ஊருக்குப் போயிட்டாங்க. நீங்க சொன்னதாலதான்கா நாங்க உஷாரானோம். ஒவ்வொரு சுவரா தட்டிப் பாத்தோம், பீரோவையெல்லாம் நகர்த்திப் பாத்தோம். ஒரு கீறல் இல்ல. குட்டை உங்க பக்கம்தான் இருந்துச்சாம், இங்க கெட்டி மண்ணுன்னு அவரும் சொன்னாரு."

"பெயின்ட் எப்ப அடிச்சது?"

"போன மாசம்தான். நாங்க வர்றோம்னு அவரே பட்டி பாத்து, வீடு முழுக்கப் புதுசா அடிச்சுக் கொடுத்தாரு. அந்தச் செலவைக்கூட எங்ககிட்ட கேக்கல."

பிரேக் அக்கா மனதுக்குள் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தாள். இனி ஒன்பதுதான். ஒன்பதை வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்து வாசலில்கூட நிற்க முடியாது. மண்ணை யாரும் தோண்டப்போவதில்லை. இவளிடம் இப்போது சொல்லித்தான் என்ன பயன்? விற்றவர் போய்விட்டார், சட்டத்திலும் இவளுக்கு இடமில்லை, வயிற்றிலோ பிள்ளை.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் கிட்டே வந்தாள். "அன்னைக்கு ஒரு மனு சொன்னீங்களே, அதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க. நாங்களும் கையெழுத்துப் போடுறோம்."

"உன் கையெழுத்து செல்லாதும்மா."

"பரவாயில்லக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "எங்க வீடுதான் நல்லா இருக்கே."