ரின்ஸ்கே விட்டுவந்த வளையம்

ரின்ஸ்கேக்குப் பழைய லென்ஸ் பைத்தியம். வாரமெல்லாம் டவுன் பஸ் ஓட்டுவாள். லீவு கிடைத்தால் பழைய சாமான் சந்தையில் லென்ஸ் பொறுக்குவாள். அவற்றை மாட்ட வேறு வேறு கம்பெனிக் கேமராக்கள் இரண்டு. ஒன்று புதுசு, எந்த லென்ஸையும் முகம் சுளிக்காமல் ஏற்கும். மற்றது பழசு, படம் எடுக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடி எழுந்து விழும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு வளையம் வேண்டும். அதுவும் ஒரு கேமராவின் வளையம் மற்றதற்குச் சேராது.

அன்று கம்பம் தாவும் போட்டியில் அவள் புருஷன் வாட்ஸேயின் கடைசித் தாவல். இருபத்திரண்டு வருஷமாக, கால்வாய்க்குள் நிற்கும் கம்பத்தில் ஓடிப்போய்த் தொற்றி ஏறி, அது சாய்ந்ததும் எதிர்க்கரை மணலில் குதிப்பவன். திங்கட்கிழமை தோளில் ஆபரேஷன். அப்புறம் கம்பத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த ஒரு தாவல் படம்கூடத் தெளிவாக வந்ததில்லை.

"இன்னைக்காவது என் மூஞ்சி தெரியுமா? இல்ல வழக்கம்போலப் பனிமூட்டமா?" என்று சீண்டினான் வாட்ஸே.

"நீ வாயை மூடிட்டு ஏறு. மூஞ்சியை நான் பாத்துக்கறேன்."

பெரிய பேச்சு! கரையில் உட்கார்ந்து பையைத் திறந்தால், புதுக் கேமராவின் வளையத்தைக் காணோம். வீட்டில் இன்னொரு லென்ஸின் வாலில் மாட்டியபடி கிடக்கிறது.

மிஞ்சியது பழைய கேமரா. அதில் அவள் கொண்டுவந்த லென்ஸ் ஏழு மீட்டர் தூரம்வரைதான் சமர்த்து. அதற்கு மேல் ஃபோகஸைத் திருப்பினால் லென்ஸின் பின்பக்கம் உள்ளே நகர்ந்து கண்ணாடியில் முட்டும், கேமரா சிக்கிக்கொள்ளும். கம்பமோ அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பதினைந்து மீட்டர். போனில் எடுத்தால் அவன் பட்டாணி அளவுதான் தெரிவான்.

ஒலிபெருக்கி வாட்ஸேயின் பெயரைச் சொன்னது. ஃபோகஸை ஏழில் நிறுத்திவிட்டு, கம்பத்தை நெருங்க ஷூவோடு தண்ணீரில் இறங்கினாள் ரின்ஸ்கே. முழங்கால், இடுப்பு, மார்பு.

"அம்மா! வெளிய வாங்க! உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று நடுவர் கத்தினார்.

அதற்குள் வாட்ஸே ஓடத் தொடங்கிவிட்டான். கம்பத்தில் தொற்றினான், விறுவிறுவென்று ஏறினான். அவள் பட்டனை அமுக்கினாள். டக், டக், டக். நல்லவேளை, கண்ணாடி முட்டவில்லை. அவன் மணலில் விழுந்த இடத்தைப் பார்த்துக் கூட்டமே கூவியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு தூரம் போனதில்லை.

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். தண்ணீரில் ஆள் இருந்ததால் இந்தத் தாவல் செல்லாது. வேண்டுமானால் மறுபடி தாவலாம் என்றார். வாட்ஸே கையைத் தூக்கிப் பார்த்தான். தோளுக்கு மேல் வரவில்லை.

"முடியாது," என்றான்.

ரின்ஸ்கே சொட்டச் சொட்டக் கரையேறி அழுதாள். "பாவி நான். எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டதான். வயிறு எரியுது," என்றான் அவன். "சரி, காட்டு."

படத்தில் இமைமயிர்கூடத் தெளிவாக இருந்தது. ஆனால் அவன் மணலைப் பார்க்கவில்லை. கம்ப உச்சியில், வாய் பிளந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கத்தின?" என்று கேட்டாள் ரின்ஸ்கே.

"அடுத்த அடி ஆழம், நில்லுடின்னு கத்தினேன். உனக்கு எங்க காது கேட்டுது!"