அக்கரை சேருமட்டும் மௌன விரதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் என்னிடம் இருக்கிறது. அதைவிட, இந்தக் கதையை வீட்டில் யாரும் எடுப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. அவர் கண்ணை மூடிய பிறகும் கை வரவில்லை.

போன தேர்த் திருவிழாவன்றுதான் தயக்கம் தீர்ந்தது. பாரிஸில் லாச்சப்பல் தெருவில் தேர் வந்துகொண்டிருந்தது. உடைத்த தேங்காய்களின் தண்ணீர் எல்லோருடைய காலுக்கடியிலும் ஓடியது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எண்பதுகளிலை நடந்தது. மலேசியாவிலை ஒரு ஆத்தங்கரையிலை ஒரு தாயும் பிள்ளையும் அம்பிடப் பாத்திட்டினம். அப்ப எங்கையிருந்தோ ஒரு பொடியன் வந்து, பிடிக்க வந்தவங்களை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினவனாம். பிறகு பாத்தால் ஆளைக் காணேல்லை. அப்பிடியே மறைஞ்சு போனானாம்.”

“வந்தது பிள்ளையாரேதான்!” மற்றவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அந்தத் தாயும் பிள்ளையும் இப்ப எங்கை அக்கா?”

“பியர்ஃபித் பக்கம் இருக்கினம் எண்டு கேள்வி.”

பாரிஸுக்கு வெளியே அந்தப் பியர்ஃபித்தில் இருப்பது நான். அந்தப் பிள்ளையும் நான்தான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, பிள்ளையாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா முன்னமே பிரான்சுக்கு வந்து, ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட, ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சியிடம் சொல்லியிருந்தார். அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான் மூவரும் மலேசியாவின் தெற்கே ஒரு கடைக்குப் பின்னாலிருந்த அறையில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தோம். அந்த நாட்டில் தங்கத் தந்த அனுமதி முடிந்துவிட்டது. இனி அங்குள்ள விமான நிலையத்தால் போக முடியாது. நாட்டைக் கீழிருந்து மேல்வரை தரையாலும் ஆற்றாலும் கடந்து, வடக்கே எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குள் இறங்கிவிட்டால், பாங்கொக்கில் விமானம் ஏற்றிவிடலாம் என்றது ஏஜென்சி. இடையில் பிடிபட்டால் திரும்பவும் கொழும்புதான். கலவரத்தில் உடுத்த உடுப்போடும் ஒரு சாமிப் படத்தோடும் நாங்கள் வெளிக்கிட்டது அங்கேயிருந்துதான். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே அம்மா எழும்பிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பார்.

வழிகாட்ட வந்தவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், வான் வண்டி ஓட்டுகிறவர். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அக்கா, பாக்கறதுக்கு நீங்க நம்ம எஸ்டேட்டு ஆளுங்க மாதிரிதான் இருக்கீங்க. வாயத் தொறந்தாதான் வம்பு. ‘ஆமா’ங்கற எடத்துல ஒரே ஒரு ‘ஓம்’ போதும், யாழ்ப்பாணம்னு தெரிஞ்சுடும். எங்க போனாலும் நான் பேசிக்கறேன். நீங்க மூணு பேரும் கப்சிப்.”

அம்மாவுக்கு அது கஷ்டமில்லை. கஷ்டம் எனக்கும் மாமாவுக்கும்தான். நாங்கள் இரண்டு பேரும் நித்திரையிலும் கதைக்கிற ஆட்கள். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் என்னை இருத்தினார்.

“இது மௌன விரதம். பிள்ளையாருக்குப் பிடிக்கிறது. ஆத்துக்கு அங்காலை கால் வைக்குமட்டும் ஒரு சொல்லுக் கதைக்கப்படாது. இடையிலை முறிச்சால் அப்பாவைக் காணேலாது. விளங்குதோ?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை சின்னப்பிள்ளை என்று சொல்லி ஒரு விரதமும் பிடிக்க விட்டதில்லை.

“அக்கா, எனக்கும் விரதமோ?” என்றார் மாமா.

“உனக்குத்தான் முதல்.”

“என்ரை சத்தம் கேளாட்டில் பிள்ளையாருக்கு நித்திரை வராதே.”

“அவர் முழிச்சிருக்கட்டும். எங்களுக்கு அதுதான் நல்லது.”

வெளிக்கிட முன் மாமா எனக்குச் சைகைகள் சொல்லித் தந்தார். வயிற்றைத் தொட்டால் பசி. மூக்கைத் தொட்டால் பொறு. இடது காதைப் பிடித்தால் எல்லாம் சரி, பயப்படாதே.

வான் ரப்பர் மரங்களுக்குள்ளால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வளைவில் தடை போட்டு மறித்தார்கள். சீருடைக்காரர் ஒருவர் யன்னலால் குனிந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். சாரதி மலாயில் எதையோ சொல்லி, தன் வாயைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். ஊமைப் பிள்ளை என்றிருக்கிறார். அந்த மனிதர் என் தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்து ஒரு இனிப்பு எடுத்துத் தந்து வழிவிட்டார். மாமா இடது காதைப் பிடித்துச் சிரித்தார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். விரதம் இப்படிப் பலிக்கும்போது இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது காட்டுக்குள்ளால் போகும் ரயில். சந்தேகம் வராமல் இருக்கச் சாரதி வேறு பெட்டியில் ஏறினார். எங்களுக்கு முன்னால் வந்து இருந்ததோ வெற்றிலை போட்ட ஒரு தமிழ் அம்மா.

“எந்தத் தோட்டம்மா நீங்க?”

அம்மா தலைப்பைச் சுருட்டிக் கன்னத்தில் அழுத்தினார்.

“பல்லு வலியா? அடப் பாவமே!” அந்த அம்மா மாமாவின் முழங்காலில் ஓங்கித் தட்டினார். “ஏம்ப்பா, பொண்டாட்டி வலியில துடிக்கறா, நீ பாட்டுக்குத் தூங்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

மாமா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய தோள் குலுங்கியது. அம்மா முறைத்த முறைப்பை அவர் பார்க்கவில்லை. அந்த நல்ல மனுஷி வெற்றிலைப் பையைக் கிண்டி ஒரு கிராம்பை எடுத்துத் தானே அம்மாவின் வாய்க்குள் வைத்துவிட்டார். பிறகு இறங்கும்வரை ஊர்க்கதை, மருமகள் கதை எல்லாம் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. அவர் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, வெளியில் நின்று கைகாட்டிய பிறகுதான் எனக்கு விரலில் இரத்தம் திரும்ப ஓடியது.

ரயில் கடைசி ஸ்டேஷனுக்குப் போகும் முன்னமே சாரதியும் ஏஜென்சி ஆட்களும் எங்களை இறக்கி, உள்நாட்டு ஆறொன்றுக்குக் கூட்டிப்போனார்கள். மண்நிறத் தண்ணீர். நீளமான வள்ளம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள். வேறொரு எஞ்சின் சத்தம் கேட்டால் படுக்க வேண்டும், அது தேய்ந்தால் எழும்பலாம். மழை வந்தது, வெயில் வந்தது, திரும்ப மழை வந்தது. இரவில் தண்ணீருக்குமேல் கால்நட்டுக் கட்டிய ஒரு குடிசையில் படுத்தோம். அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கதை முட்டிய மனுஷன், தண்ணீருக்குள் கைவிட்டு மீன்களோடு சைகையில் கதைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு கொஞ்சத் தூரம் லொறி. அதற்குப் பிறகு எல்லை ஆறு.

அது ஒன்றும் பெரிய ஆறில்லை. அக்கரையில் ஒரு பெண் உடுப்புத் தோய்ப்பது தெரிந்தது. கரையோரம் தறப்பாள் போட்டு மூடிய வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கடைசியில் நின்ற வள்ளம் எங்களுக்கு. சாரதி அதைக் காட்டிவிட்டு, “போய் எறங்குனதும் என் பேர்ல ஒரு தேங்கா ஒடச்சிடுங்க அக்கா” என்று கும்பிட்டுத் திரும்பினார்.

நாங்கள் இறங்கி நடக்கிறோம், விசில் அடித்தது. ரோந்து. அங்கே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அம்மாவின் கை என் கையிலிருந்து கழன்றது. யாரோ என்னைத் தூக்கிப் பக்கத்து வள்ளத்துக்குள் போட்டுத் தறப்பாளை இழுத்து மூடிவிட்டார்கள்.

உள்ளே இருட்டு. ஈரச் சாக்கு மணம். சப்பாத்துச் சத்தம் வந்தது, நின்றது, போனது. மழை கொட்டத் தொடங்கியது. ரோந்துக்காரர்கள் கரையில் இருந்த கொட்டிலுக்குள் ஒதுங்கிவிட்டார்கள் என்பது பிறகு மாமா சொல்லித்தான் தெரியும். புறப்படுவதானால் அதுதான் நேரம். எங்கள் வள்ளக்காரர் அவசரப்படுத்தினார். பற்றைக்குள் இருந்து அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். நான்தான் இல்லை. எந்த வள்ளத்துக்குள் கிடக்கிறேன் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் கொட்டிலுக்குள் இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள்.

மாமா கயிறுகளைச் சரிபார்க்கிற ஆள்போல வள்ளங்களின் ஓரமாக நடந்து வந்தார். அவருடைய குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“குஞ்சு, எங்கையடி கிடக்கிறாய்? நான் மாமாடி. ஒருக்காச் சத்தம் போடு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கடவுள் வேஷம் மாறி வந்து அடியவர்களைச் சோதிக்கிற கதைகள் அம்மா எனக்கு நிறையச் சொல்லியிருந்தார். அக்கரையில் கால் வைக்குமட்டும் கதைக்கக் கூடாது என்று தெரிந்த மாமா, என்னைக் கதைக்கச் சொல்வாரா? இது மாமா இல்லை. பிள்ளையார்தான் மாமாவின் குரலில் வந்து சோதிக்கிறார். நான் ஏமாறுவேனா?

குரல் என்னைக் கடந்து போய்விட்டது.

வள்ளக்காரர் எஞ்சினைத் தட்டிவிட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ரயிலில் கிராம்பைக் கடித்துக்கொண்டு இருந்த அம்மா, அத்தனை நாளும் ஒரு முனகல்கூட விடாத அம்மா, ஆறு அதிரக் கத்தினார்.

“பிள்ளை! எங்கையடி நிக்கிறாய்? அம்மா கூப்பிடுறன்! வாடி என்ரை குஞ்சு!”

எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு தூரம் காத்த விரதத்தை, அக்கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் இப்படிப் போட்டு உடைக்கிறாரே! தறப்பாளைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்று, வாயில் விரல் வைத்து அம்மாவை அதட்டினேன்.

அம்மா என்னை நோக்கி ஓடி வந்தார். கொட்டிலுக்குள் இருந்தவர்களும் வெளியே பாய்ந்தார்கள். நடுவில் மாமா. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சேற்றில் சறுக்கிச் சறுக்கி, கொட்டிலைத் தாண்டி மற்றப் பக்கமாக ஓடினார். ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய், இஞ்சை வாங்கோடா! யாழ்ப்பாணம் இஞ்சை ஓடுதடா! ஏலுமெண்டால் பிடியுங்கோடா!”

அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் போனார்கள். அம்மா என்னைத் தூக்கி எங்கள் வள்ளத்துக்குள் போட, வள்ளம் பாய்ந்தது.

நடு ஆற்றில் நான் திரும்பிப் பார்த்தேன். மாமா சேற்றில் முழங்காலில் இருந்தார். சுற்றி ஆட்கள். அவருடைய கை இடது காதைப் பிடித்திருந்தது. நானும் என் இடது காதைப் பிடித்துக் காட்டினேன். விரதம் என்றபடியால் சத்தம் வராமல் சிரித்தேன். அம்மா என் முகத்தைத் தன் மடிக்குள் அமுக்கிவிட்டார்.

அக்கரையில் கால் வைத்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, “அம்மா, நீங்கள் விரதத்தை முறிச்சுப் போட்டியள்.”

பாங்கொக் போய்ச் சேருமட்டும் அம்மா வாயே திறக்கவில்லை. முறித்த விரதத்துக்குப் பரிகாரம் செய்கிறார் என்று நான் நினைத்தேன். மாமா அடுத்த வள்ளத்தில் வருவார் என்றும் நினைத்தேன்.

மாமாவைச் சிறையில் வைத்து, பிறகு கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர் பாரிஸ் வந்து சேர்ந்தபோது நான் கல்யாண வயதுப் பெண். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து அவர் கேட்டது, “என்னடி, உன்ரை விரதம் முடிஞ்சுதோ?” நான் அழுதுகொண்டே என்னவோ சொன்னேன். அவர் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். “இந்தப் பக்கம் சொல்லு. அந்தப் பக்கம், அண்டைக்கு ஆத்தங்கரையிலை விழுந்த அடியோடை லீவு.”

ஒருநாள் அவரிடம் கேட்டேன், அன்று காதைப் பிடித்தது அடி விழுந்தபடியாலா என்று. “விசரி, எல்லாம் சரி எண்டு உனக்குக் காட்டினனான்” என்றார். இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்.

அம்மா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னார்: “அப்பிடி ஒரு விரதமே இல்லையடி. உன்ரை வாயை மூட நான் சொன்னது. பிடிச்ச விரதத்தை நீ விடேல்லை. நான் என்ன செய்ய? கூப்பிட்டன். கூப்பிட்டு உன்னை எடுத்தன், அவனைக் குடுத்தன்.” அந்தப் பாங்கொக் பயணத்து மௌனம் என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

தேரன்று அந்தப் பெண் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்கு வலப்பக்கத்தில் ஒரு வயதான மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வருடமும் அந்தச் சாரதியின் பெயரில் ஒன்று உடைப்பார். அதுதான் என் மாமா. கதை முழுவதும் அவருடைய இடது காதுப் பக்கமாகத்தான் நடந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளையார் அன்று எங்களோடு இருந்தார் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் கரையில் ஓடியது மாமா. வள்ளத்துக்குள் கிடந்த ஒன்பது வயதுப் பிள்ளை மாமாவின் குரலைக் கடவுள் என்று நினைத்தது, அதற்கு வயது போதாது. நாங்களும் அப்படி நினைக்கலாமா? இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், கோயிலடியிலும் கடையடியிலும் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். அவரை மட்டும் மறைய வைத்துவிடாதீர்கள். பிள்ளையாருக்கு அடி நோகாது. என் மாமாவுக்கு நொந்தது.