அறுபதாவது வீடு

மில் மூடி ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா அந்த மில் குடியிருப்பின் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். மில் போனதும் குழாய்களைக் குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டது. குழாய்களோடு சேர்த்து அப்பாவையும். ஓய்வு பெற்ற பிறகும் பம்ப் ஹவுஸ் சாவி அவரிடமே இருந்தது. அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போது இறந்துபோனார். வயது எழுபத்தொன்று. எதிர்வீட்டுத் தையல் அத்தைதான் எனக்குப் போன் செய்தார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அடக்கம் முடிந்துவிட்டது. யாரும் வாய்விட்டு அழவில்லை. வாசலில் நாற்காலி கூடப் போடவில்லை. ஏன் இவ்வளவு அவசரம், ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். குழாயில் என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துப் பிழைக்கிறவள். அதனால்தானோ என்னவோ, மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்குப் பக்கத்து வீட்டில் குழாய் திறந்த சத்தம் உடனே காதில் விழுந்தது.

அந்த வீடு பூட்டி எட்டு வருடம் ஆகிறது.

பக்கெட் நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து மேலே ஏறும். ஏறியது. நின்றது. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும் சத்தம். பிறகு தட்டு கழுவும் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். வாசலில் பூட்டு தொங்கியது. ஆனால் மீட்டர் முள் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கட்டுக் கொடியில் சின்னப் பெண்ணின் கவுன் ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை நனைத்துக் காயவைத்ததில் துணி வலை மாதிரி ஆகி, அதன் வழியே பின்சுவர் தெரிந்தது. அந்தக் கவுனைப் போட்ட பெண்ணுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

தெருவின் கடைசி வரை நடந்தேன். பூட்டிய பதினோரு வீடுகளில் ஐந்தில் மீட்டர் ஓடியது. ஒன்றில் ரேடியோ கேட்டது. ஆள் நடமாட்டம் இல்லை.

நேராகத் தையல் அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, பக்கத்து வீட்ல யாரு?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நான்தான்" என்றார்.

"நீங்க இங்க இருக்கீங்களே."

"பத்து மணிக்கு அங்க இருந்தேன். பதினொண்ணுக்கு மூணாம் தெருவுல இருக்கணும். அங்க நான் கைக்குழந்தைக்காரி. யாராவது கதவைத் தட்டினா, குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்கம்பேன்." நூலைப் பல்லால் கடித்தார். "ஆறு வருஷமாத் தூங்குது கண்ணு."

உள்ளேயிருந்து அவர் புருஷன் சிரித்தார். மில்லில் பாய்லர் பார்த்தவர். எங்களுக்குப் பாய்லர் மாமா. "அவ பாடு பரவாயில்லை. நான் ஒரு வீட்டுல மாமனாரு, எதிர்வீட்டுல மருமகன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

நான் சிரிக்கவில்லை. மாமா வெளியே வந்து விவரம் சொன்னார்.

வாரியத்தின் விதி இது: குடியிருக்கும் வீடுகள் அறுபதுக்குக் கீழே போனால் இந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் ஏற்றுவது நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அலுவலர் வருவார். மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றிய ஐந்து வீடுகளின் கதவைத் தட்டுவார். உண்மையில் ஆள் இருப்பது இருபத்து மூன்று வீடுகளில். மீதி முப்பத்தேழையும் இவர்கள் முறை வைத்து வாழ்கிறார்கள். அலுவலர் வரும் நாளில் மட்டும் பூட்டுகளைக் கழற்றிவிட்டு, பின்வாசல் வழியாக வீடு மாறிக்கொள்வார்கள். 'வாழ்றது' என்றுதான் சொல்கிறார்கள். "இன்னிக்கு ஏழாம் நம்பரை யார் வாழ்றது?" என்று தெருவில் கேட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த வீடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது அப்பா.

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. எண்கள் என்னுடையவை.

ஆறு வருடத்துக்கு முன் போனில் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல ஞாயித்துக்கிழமை எவ்வளவு தண்ணி ஆகும்? கைக்குழந்தை இருந்தா?" பொழுதுபோகாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். என் வேலையில் கிடைத்த சராசரிகளை வைத்து ஒரு வரைபடம் போட்டு அனுப்பினேன். எந்த வீடும் தினமும் ஒரே அளவு எடுக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் மனிதர்கள் இருப்பதாக அர்த்தம் என்று குறிப்பு வேறு. அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அட்டவணைப்படி பதினெட்டாம் நம்பரில் விருந்தாளிகள் வந்து போயிருக்கிறார்கள்.

அப்பாவோடு இதே ஊரைப் பற்றி வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். வேலை இல்லாத ஊருக்கு யார் வருவார்கள் என்பேன். "மில் மூடினதுல ஊர் சாகலை. பேங்க் போச்சு, அப்பவும் சாகலை. பஸ் நின்னுது, பள்ளிக்கூடம் போச்சு. இனி மிச்சம் இருக்கிறது குழாய்தான். தண்ணி வர்ற ஊருக்கு எவனாவது ஒருத்தன் தொழிலுக்கு ஷெட் போட வரலாம். வராத ஊருக்கு எவன் வருவான்?" என்பார். அவர் சொன்னதில் பாதி தப்பு. தண்ணீரும் ரோடும் வேலையாட்களும் உள்ள இடமே இந்த நாட்டில் நூறு காலியாகக் கிடக்கிறது. மீதிப் பாதியை என்னால் மறுக்க முடியவில்லை. இருபத்து மூன்று வீட்டுக்கும் நாளைக் காலை தண்ணீர் வேண்டும்.

"அடுத்த வியாழக்கிழமை ஆபீசர் வர்றார்" என்றார் அத்தை.

என் பையில் வாரியத்தின் படிவம் இருந்தது. இணைப்பு வைத்திருப்பவர் இறந்துவிட்டார் என்று பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அதை அவரிடமே கொடுத்துவிடலாம் என்றேன்.

தையல் மிஷின் நின்றது.

"சரியா அறுபதுதான் கண்ணு இருக்கு. உங்கப்பாவோட சேர்த்து."

"வேற வீடு ஒண்ணு..."

"மத்த வீட்டு மீட்டரையெல்லாம் கழட்டிட்டாங்க. வாரிசு இங்கயே குடியிருந்தாத்தான் பேர் மாத்துவாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ இருப்பியா?"

என் வேலை, என் வீடு, என் பிள்ளைகள் எல்லாம் வேறு ஊரில். அது அவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அலுவலர் வந்தார். நான்காவதாகத் தட்டியது எங்கள் கதவை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"மகளா? அப்பா எங்கம்மா? அவர் கையால டீ குடிக்காம நான் போனதே இல்லை."

படிவத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்திருப்பேன். கை அதன் மேல்தான் இருந்தது. அப்போது குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. ஒரு குவளை. இடைவெளி. இரண்டு குவளை. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம், என் அப்பாவுடையது போலவே.

பின்வாசல் வழியாகப் பாய்லர் மாமா வந்திருக்கிறார் என்று அறிவுக்குத் தெரிந்தது. முதுகுக்குத் தெரியவில்லை. அது சில்லிட்டது.

"குளிக்கிறார்" என்றேன்.

"ஐயா, சௌக்கியமா?" என்று அலுவலர் குரல் கொடுத்தார்.

"இருக்கேன் சார், இருக்கேன்." அந்தச் சொல் அப்பாவுடையது. எதற்கும் இரண்டு முறை சொல்வார்.

அலுவலர் நோட்டில் ஒரு கோடு போட்டார். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

குளியலறைக் கதவு திறந்தது. அப்பாவின் கோடு போட்ட சட்டையில் மாமா நின்றார். தலை நனையவே இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு வேற வழி தெரியலை."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"நாளையிலிருந்து இவரை யார் வாழ்றது?" என்றேன்.

"நானே பார்த்துக்கறேன். ஆனா அளவு தெரியாதே. தன் வீட்டுக்கு மட்டும் உங்கப்பா எழுதலை."

அவர் எதற்கு எழுதவேண்டும்? ஒரு தாளை எடுத்தேன். காலை ஐந்தே முக்கால், முகம் கழுவ. ஆறு பத்து, டீ. ஏழு மணி, குளியல், பதினெட்டு லிட்டர். ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைப்பார், இருபத்தைந்து சேர்த்துக்கொள்ளவும். நான் பிள்ளைகளோடு வரும் மே மாதம் இரண்டு வாரம், நான்கு பேருக்கு. எழுபத்தைந்து வயதுக்கு மேல் குனிந்து துவைக்க முடியாது, குறைக்கவும். எண்பதுக்கு மேல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிப்பார்.

"எத்தனை வருஷத்துக்கும்மா எழுதறே?" என்றார் மாமா.

எண்பத்து நான்கு வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.