சுவர் தின்கிற சத்தம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. போன வருஷம் ஆகஸ்ட் மாதம், பாகலூரில், நான் படுக்கிற அறையில் இது நடந்தது. நேரம் பகல் 11:20. டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு ஓசூரில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் நான். காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் இறக்கிவிடும். ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டி, அறையை இருட்டாக்கிக்கொண்டு படுப்பேன். எனக்கு அதுதான் ராத்திரி.

வீடு நாராயணப்பனுடையது. பழைய மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பாதியில் அவர் குடும்பம், மறு பாதியில் வாடகைக்கு நாங்கள். முன்னறையில் அம்மாவும் தங்கை பூங்கொடியும், உள்ளறையில் நான். பூங்கொடிக்குப் பத்தொன்பது வயது. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள்.

மாதத் தொடக்கத்தில் கிராம செவிலியர் ஜோதிமணி வந்தார். பூங்கொடியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்.

"ரத்தம் ஏழு பாயிண்ட் நாலு. பதினொண்ணாவது இருக்கணும். மாத்திர போடறியா இல்லியா?"

"அதெல்லாம் போடறாம்மா," என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"மண்ணு, சாம்பலு, பச்சரிசி… ஏதாச்சும் திங்கறியா?"

பூங்கொடி இல்லை என்று தலையாட்டினாள்.

"தின்னா மறைக்காத. அது ஆசை இல்ல. ஒடம்புல ரத்தம் இல்லன்னு அர்த்தம். கேவுரு, முருங்கக்கீர, முட்டை தெனமும் சாப்புடு. மாத்திரய வுடாத."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா மாத்திரை அட்டையைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் எறிந்தாள்.

"இரும்பு மாத்தர தின்னா புள்ள கருகருன்னு பொறக்கும். உன்ன சுமந்தப்ப ரெண்டே ரெண்டு தின்னேன். இந்தக் கலர்ல வந்து நிக்கற."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தூக்கத்தில் சத்தம் கேட்டது.

கருக்… கருக்…

போனைப் பார்த்தேன். 11:20. எலி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். மாலையில் எழுந்து பார்த்தால் சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு போயிருந்தது. உள்ளே மண் ஈரமாக இருந்தது. எலி பறித்தால் மண் கீழே குவியும். தரையில் ஒரு துகள்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை. அதே 11:20. கருக்… கருக்… நடுவில், தொண்டையில் எதையோ விழுங்குகிற சத்தம். மாலையில் சுவரில் நான்கு விரல்கள் பறித்த கோடுகள் இருந்தன.

"செவுத்தத் தின்னியா?" என்று பூங்கொடியைக் கேட்டேன்.

"இல்லண்ணா. நான் செவுத்தத் தொடவே இல்ல."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் பல்லிடுக்கில் மண் இருந்தது.

"புள்ளத்தாச்சின்னா ஆசப்படறதுதான். வுடுடா," என்றாள் அம்மா.

சனிக்கிழமை நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

11:19. ஒன்றுமில்லை.

11:20.

கருக்…

கண்ணைத் திறந்தேன். சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். முதுகு தெரிந்தது. அவிழ்ந்த தலைமுடி. ஒரு கை வயிற்றைத் தாங்கியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பூங்கொடி! அறிவில்ல உனக்கு?"

திரும்பவில்லை.

முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணா? கூப்டியா?"

…

கருக்…

முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பூங்கொடி உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போனாள். கையை நீட்டினாள்.

குந்தியிருந்தவளின் கை மெல்ல எழுந்தது.

வெளுத்த உள்ளங்கை. நகமும் வெள்ளை.

அதில் ஒரு கட்டி மண்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பூங்கொடியின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். தெருவில் போன ஆட்டோவை மறித்தேன். 12:05க்கு ஓசூர் அரசு ஆஸ்பத்திரி. ரத்த அளவு ஐந்து பாயிண்ட் ஒன்று. "வலி வந்தப்புறம் கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருக்க மாட்டா," என்றார் டாக்டர். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

மறுநாள் வார்டுக்கு ஜோதிமணி வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உள் ரூமா?" என்று கேட்டார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நாராயணப்பன் பையனுக்கு ஒரு பொண்ணக் கட்டி வெச்சாங்க. மேகலான்னு பேரு. பதினாறு வயசு. முழுகாம இருக்கான்னு கேள்விப்பட்டு நாலு தடவ போனேன். அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க. நான் போறப்பல்லாம் அந்த ரூம்ல தள்ளிப் பூட்டியிருக்காங்க. செத்தப்புறம்தான் பக்கத்து வூட்டுக்காரி சொன்னா."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போகல?"

"வயசு தெரிஞ்சா கேஸ் ஆயிடுமே. பிரசவமும் அந்த ரூம்லதான். ரெண்டு உசுரும் போச்சு. ஊருக்குச் சொன்னது மஞ்சக்காமால."

"நீங்க அங்க எத்தன மணிக்குப் போவீங்க?"

"அந்தத் தெருவுக்கு வர்றப்ப பதினொண்ணேகால் தாண்டிடும்."

அன்று மாலையே நாராயணப்பன் வாசலில் நின்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு வருஷம் முன்பும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். "சும்னிரப்பா," என்று கன்னடத்தில் என் வாயை அடக்கினார். அடுத்து தமிழில், "காலி பண்றதுக்கு முன்னாடி செவுத்தப் பூசிட்டுப் போ."

பூசவில்லை. அவர் பெயரைப் போட்டுப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். விசாரிப்பார்களா, தெரியாது. அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை. தினமும் நானே எதிரில் நின்று பூங்கொடியை மாத்திரை விழுங்கவைத்தேன். நவம்பரில் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. நல்ல கருப்பு. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் பூங்கொடியிடம் கேட்டேன்.

"அவ கையால வாங்கித் தின்னியே. பயமா இல்லியா உனக்கு?"

"ஓனர் வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சேண்ணா. என்னாட்டமே புள்ளத்தாச்சி. பாவமா இருந்துச்சு. மண்ணக் குடுக்கறப்ப மட்டும் ஒண்ணு கேப்பா. தெனமும் அதையேதான் கேப்பா."

"என்னன்னு?"

"நர்ஸம்மா போயிட்டாங்களா… நான் உள்ளதான் இருக்கேன்னு நீயாச்சும் சொன்னியான்னு."